நம்பரை அனுப்பி வாங்கும் பொருளல்ல இந்த லென்ஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரவிக்கை தைத்து வருகிறேன். போன மாதம் வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர், பதினேழு வயது மகளுடன் துணி கொடுக்க வந்தார். அளவெடுத்து முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, உங்களுக்கும் இந்தக் கெரட்டோகோனஸ்தானே? பெரிய லென்ஸ்தான் இருக்கிறதிலேயே நல்லதுன்னு சொல்றாங்க. சென்னையில பாதி விலைக்குக் கிடைக்குமாம். கண்ணாடி நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினாப் போதும், செஞ்சு அனுப்பிடுவாங்களாம். வாங்கிடலாமா?"

அவர் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் புறங்கையால் வலது கண்ணை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்வதற்கு முன் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம். நின்று பேச முடியவில்லை. "வாங்காதீங்க, அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம்மில் வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால் உங்கள் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருப்பது கார்னியா. நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கெரட்டோகோனஸ் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அது மெலிந்து, கூம்புபோல முன்னால் புடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பது நாற்பது வயதுவரை கூடிக்கொண்டே போகும். டயாப்டர் என்னும் அலகில், சாதாரணக் கண்ணில் 43, 44 என்று இருக்கும் வளைவு, என் இடது கண்ணில் 56. அந்த வளைவும் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. மூக்குக்கண்ணாடி எவ்வளவு மாற்றினாலும் எழுத்து கூர்மையாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

எனக்கு இது பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆயின. இருபத்தொரு வயதில் ஒரு கடையில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார்கள். கிட்டப்பார்வைக்குப் பெயர்போன ஊர் இது. வகுப்பில் கண்ணாடி போடாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பவர் கூடிவிட்டது என்றால் இங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை. வீட்டிலும் "டிவி பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கிட்டே" என்றார்கள். ஆனால் எனக்கு ஒரு நிலா ஐந்தாறாகத் தெரிந்தது. தெருவிளக்குகளின் வெளிச்சம் கீழ்நோக்கித் தாடிபோலத் தொங்கியது. சிராங்கூன் சாலையில் 65க்கும் 67க்கும் வித்தியாசம் தெரியாமல் தவறான பேருந்தில் ஏறி அழுதிருக்கிறேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தும், ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிந்தால், டோபோகிராஃபி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வலியே இல்லை. கருவியில் முகவாயை வைத்து ஒரு வட்டத்தைச் சில நொடி உற்றுப் பார்த்தால் போதும், கார்னியாவின் மேடு பள்ளம் வரைபடமாக வந்துவிடும். பார்வையைத் திருத்த லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைக்கும் இளையர்களுக்கும் முதலில் இந்தப் படத்தை எடுப்பது இதற்காகத்தான். ஏற்கெனவே மெலிந்த கார்னியாவை லேசரால் மேலும் மெலிய வைக்கக் கூடாது.

சரி, லென்சுக்கு வருகிறேன்.

இருபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்தது சின்னக் கடின லென்ஸ். காற்று ஊடுருவும் பிளாஸ்டிக், விட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதைப் போட்டதும் எதிர்ச் சுவரிலிருந்த நாள்காட்டியின் தேதி தெரிந்தது. அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். புடைத்த கார்னியாவுக்கும் லென்சுக்கும் நடுவில் கண்ணீர் நிறைந்து மேடு பள்ளத்தைச் சமன் செய்துவிடுவதால், லென்சின் வழவழப்பான மேற்பரப்பே கண்ணின் புது மேற்பரப்பு ஆகிவிடுகிறது. பதினைந்து ஆண்டுகள் அதோடுதான் தைத்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என் வேலை துணியோடு. பட்டுத்துணி வெட்டும்போதும் லைனிங் கிழிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பஞ்சு பறக்கும். அதில் ஓர் இழை லென்சுக்கு அடியில் போய்விட்டால் கண்ணில் ஊசி குத்தியதுபோல் இருக்கும். ஒருமுறை அப்படிக் கண் கலங்கி, இமையைத் திறந்தேனோ இல்லையோ, லென்ஸ் துள்ளி வெட்டு மேசையில் விழுந்தது. மேசை முழுக்க ஜமிக்கி. ஒரு கல்யாண ரவிக்கைக்காகக் கொட்டி வைத்திருந்தேன். பக்கத்து மெஷின் அக்கா கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடிக்க, ஒவ்வொரு ஜமிக்கியாக விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தோம். நாற்பது நிமிடம் கழித்துக் கிடைத்தது. நடுவில் ஓட்டை இல்லாத ஒரே வட்டம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடின லென்ஸ் கூம்பை அமுக்கிப் பிடித்து வளரவிடாமல் வைக்கும் என்று அந்தக் காலத்தில் என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பி, வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். அது உண்மையில்லை. எந்த லென்சும் கெரட்டோகோனசை நிறுத்தாது. பொருத்தம் தவறி, கூம்பின் நுனியில் லென்ஸ் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் தழும்புதான் விழும். என் இடது கண்ணில் அப்படி ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு இருக்கிறது. எந்த லென்ஸ் போட்டாலும் அந்தக் கண்ணில் ஒரு மங்கல் மிஞ்சுகிறது. வலியைப் பொறுத்துக்கொள்ளாமல் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

முப்பத்தெட்டு வயதில் ஸ்கிளீரல் லென்சுக்கு மாறினேன். அந்த அம்மா சொன்ன 'பெரிய லென்ஸ்' இதுதான். விட்டம் பதினைந்து, பதினாறு மில்லிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேல். இது கார்னியாவைத் தொடவே தொடாது. அதைத் தாண்டிப் போய் வெள்ளை விழியில் உட்காரும். நடுவிலுள்ள இடைவெளியில் உப்புக்கரைசல் நிற்கும். பஞ்சு உள்ளே போகாது, இமை தட்டினாலும் துள்ளி விழாது. என் வேலைக்கு இதைப்போல வேறில்லை.

ஆனால் முதலில் செய்த இடத்தில் அதுவும் சரியாக அமையவில்லை. லென்சைப் போட்டு அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று பணம் வாங்கி அனுப்பிவிட்டார்கள். மதியம் மூன்று மணி ஆனால் புகைபோல் மூடிக்கொள்ளும். இரவு கழற்றினால் வெள்ளை விழியில் சிவப்பாக ஒரு வளையம், லென்ஸ் விளிம்பு அழுந்திய தடம். இந்த லென்ஸ் போட்டவுடன் ஒரு மாதிரியும், சில மணி நேரத்தில் உள்ளே அமர்ந்தபின் வேறு மாதிரியும் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே ரவிக்கை பிடிக்கும் என்று எனக்குத் தெரிவதுபோல.

அடுத்துப் போன இடத்தில் லென்ஸ் வல்லுநர் ஒரு பெண். கண்ணைப் பார்க்கும் முன் என் கையைப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை மணி நேரம், ஏர்கானிலா மின்விசிறியிலா, கிட்டத்தில் பார்ப்பதா தூரத்திலா, இரவில் கழற்ற வீட்டில் உதவிக்கு ஆள் உண்டா என்று கேட்டார். அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகச் சோதனை லென்சுகள். ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் 'அளவு ரவிக்கை' ஒன்று கொண்டுவருவார்கள், பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு அந்தச் சோதனை லென்ஸ்தான் அளவு ரவிக்கை. ஒன்றைப் போட்டுவிட்டு, "வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணி நேரம் கழித்து வாங்க, கழற்றாதீங்க" என்றார். திரும்பி வந்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் இடைவெளியை அளந்தார். பிறகு மஞ்சள் சாயம் விட்டு, நீல ஒளியில் கார்னியா எங்காவது உரசியிருக்கிறதா என்று பார்த்தார். விளிம்பு வெள்ளை விழியின் இரத்தக் குழாய்களை அழுத்தி வெளுக்க வைக்கிறதா என்றும் பார்த்தார். இரண்டு முறை திருத்திச் செய்து, மூன்றாவது லென்ஸ்தான் எனக்குப் பொருந்தியது. ஆறு வாரம் பிடித்தது. ஈசூனிலிருந்து ரயிலேறி, தோபி காட்டில் மாறி, ஐந்து முறை போய் வந்தேன்.

சென்னை விஷயத்தில் நான் சொல்ல வருவதும் இதுதான். அங்கே நல்ல வல்லுநர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா என்றால் நமக்கெல்லாம் தெரிந்த பெயர்கள். போவதாக இருந்தால் அந்தப் பெண்ணே போக வேண்டும். சில நாள் தங்கி, லென்சோடு திரும்பத் திரும்பக் காட்டி, வந்தபின் இங்கே யார் பார்ப்பார்கள் என்பதையும் முடிவு செய்துகொண்டு போக வேண்டும். கண்ணாடிச் சீட்டில் இருக்கும் நம்பர் வெறும் பவர். வளைவு, ஆழம், விளிம்பின் சாய்வு எதுவும் அதில் கிடையாது. '36' என்று போனில் சொன்னால் நான் ரவிக்கை தைத்துத் தர மாட்டேன். 36 அளவில் இரண்டு பெண்களுக்குத் தோள் ஒன்றாக இருப்பதில்லை.

என் வீட்டிலேயே இதற்கு இன்னோர் உதாரணம் இருக்கிறது. மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே தோல் அரிப்பு, மூக்கடைப்பு, எந்நேரமும் கண்ணைக் கசக்குவான். எனக்குத் தெரிந்த நோய் என்பதால் பதினைந்து வயதில் பலதுறை மருந்தகத்திலிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்கி, கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் படம் எடுக்கவைத்தேன். இடது கண்ணில் கூம்பு தொடங்கியிருந்தது, வலதில் லேசாக. ஆறு மாதத்தில் இடது கூடிவிட்டது. உடனே கிராஸ்லிங்கிங் செய்தார்கள். வைட்டமின் பி2 சொட்டுமருந்தைக் கார்னியாவில் ஊறவைத்து, புற ஊதா ஒளியைக் காட்டி, தளர்ந்த இழைகளை இறுக்கும் சிகிச்சை அது. 1990களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. நோயாளிகளிடம் செய்து பார்த்த முதல் முடிவுகள் 2003ல் வெளிவந்தன. எனக்குக் கூம்பு வேகமாக வளர்ந்த வயதில் அது கைக்கு எட்டவில்லை. மகனுக்கு எட்டியது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அந்தச் சிகிச்சை கூம்பு மேலும் வளராமல் நிறுத்தத்தான். பார்வையை அது திருத்திவிடாது. அதனால் அவனுக்கும் லென்ஸ் தேவைப்பட்டது. நான் போடுவதையே அவனுக்கும் கேட்டேன். வல்லுநர் வேண்டாம் என்றார். வலது கண்ணுக்கு, ஒரு திசையில் கூடும் வளைவைத் திருத்தும் சிலிண்டர் பவர் உள்ள சாதாரண மென் லென்சே போதுமாக இருந்தது. அவன் புளோக்குக்குக் கீழே பந்து விளையாடுபவன், சின்னக் கடின லென்ஸ் துள்ளி விழும். இடது கண்ணுக்கு மட்டும் ஸ்கிளீரல் என்றார். ஒரே முகத்தில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு வித லென்ஸ்! இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். காட்டுப் பயிற்சிக்குப் போகும்போது லென்சே கிடையாது, மூக்குக்கண்ணாடிதான். கை கழுவச் சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் கண்ணுக்குள் விரல் வைக்கக் கூடாது என்பது அவனாகப் போட்டுக்கொண்ட விதி. வார இறுதியில் வீட்டுக்கு வந்ததும் குளித்து, கையைத் துடைத்து, முதல் வேலையாக லென்ஸ் பெட்டியைத் தேடுவான்.

கடின லென்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமான ஹைபிரிட் லென்ஸ் உண்டு. மென் லென்சைக் கீழே போட்டு அதன்மேல் கடின லென்சை வைப்பதும் உண்டு. நான் இரண்டையும் போட்டதில்லை. கூம்பு முற்றினால் கார்னியா மாற்று அறுவை சிகிச்சைவரை போக வேண்டியிருக்கும்; அதற்குப் பிறகும் பலருக்கு லென்ஸ் தேவைப்படுகிறது. அந்தப் பெண் அவ்வளவு தூரம் யோசித்துப் பயப்பட வேண்டியதில்லை. அவளுடைய அம்மா முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "இன்னும் கூடிக்கொண்டிருக்கிறதா, நிறுத்த வேண்டுமா?" என்பதைத்தான். லென்ஸ் அதற்கு அடுத்தது.

லென்சுக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதும் உண்டு. பொருந்தாவிட்டால் எத்தனை முறை மாற்றித் தருவார்கள், திரும்ப வந்து காட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் கட்டணமா, பொருத்துபவர் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் ஆப்டிஷியன்கள் வாரியத்தில் பதிவு பெற்று, லென்ஸ் பொருத்த அனுமதி உள்ளவரா? சங்கடப்படாமல் கேளுங்கள். எனக்கு இரண்டு கண்ணுக்கும் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் போனது. மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவைப் பயன்படுத்த முடியாது என்றார்கள். பணம் இடிக்கிறது என்றால் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நம்மவர்கள் பலர் அப்படிக் கேட்கலாம் என்று தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். லென்சைக் குழாய்த் தண்ணீரில் ஒரு முறைகூடக் கழுவக் கூடாது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கச் சுத்தமானதுதான். ஆனால் அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் வயிற்றை ஒன்றும் செய்யாவிட்டாலும், லென்சுக்கு அடியில் மாட்டினால் கார்னியாவை அரித்துவிடும். 2005, 2006ல் சிங்கப்பூரில் லென்ஸ் அணிந்த 66 பேருக்குக் கண்ணில் பூஞ்சைத் தொற்று வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு குறிப்பிட்ட லென்ஸ் கரைசலோடு அது தொடர்புபடுத்தப்பட்டு, உலகம் முழுக்க அந்தக் கரைசலைத் திரும்பப் பெற்றார்கள். அதிலிருந்து, நேற்றைய கரைசலின்மேல் இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றி நிரப்பும் பழக்கத்தை நான் விட்டேன்.

ஸ்கிளீரல் லென்ஸ் போடப் பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாளாம். நான் தினமும் செய்வது இது. காலை ஆறேகால். சோப்பு போட்டுக் கை கழுவி, நார் உதிராத துண்டில் துடைக்கிறேன். மேசையில் வெள்ளைத் துணி. சின்ன ரப்பர் உறிஞ்சியின் தலையில் லென்சைக் கிண்ணம்போல நிறுத்தி, பதனப்பொருள் கலக்காத உப்புக்கரைசலை விளிம்பு ததும்ப ஊற்றுகிறேன். முகத்தைக் கீழே கவிழ்த்து, தரைக்கு நேராக வைத்து, ஒரு கையால் இரண்டு இமையையும் விரித்து, கிண்ணத்தை நேராக மேலே கொண்டுவருகிறேன். முதலில் தெரிவது குளிர்ச்சிதான். கரைசல் கண்ணைத் தொட்டு வழியும்போது லென்ஸ் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் பார்த்தால் சில நாள் உள்ளே ஒரு காற்றுக்குமிழி நிற்கும். அப்போது கழற்றிவிட்டு மறுபடியும். ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு கண்ணுக்கும் நான்கு நிமிடம். கழற்றும்போது உறிஞ்சியை லென்சின் நடுவில் வைத்து இழுக்கக் கூடாது. அதை நனைத்து, ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் காற்று புகுந்து தானாக விடும். நடுவில் வைத்து இழுத்த முதல் வாரத்தில் நான் பட்ட வலியை அவள் படக் கூடாது.

கண் மருத்துவமனைகளுக்கும் லென்ஸ் பொருத்தும் இடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த லென்சைப் போடுவது, கழற்றுவது, கழுவுவது, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பதையெல்லாம் தமிழிலும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். எனக்குக் கொடுத்தது ஆங்கிலத்தில் இருந்தது. என்னால் படிக்க முடிந்தது. என் கடையில் கை வேலை செய்யும் அறுபது வயது அம்மாவுக்கு அது முடியாது. அவர் பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை லென்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்சைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்' என்ற ஒரு வரியாவது அவருக்குப் புரியும் எழுத்தில் இருக்க வேண்டாமா?

அப்படி ஒரு தாள் கிடைக்காததால் நானே எழுதினேன். பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளில், பெரிய எழுத்தில், போடும் முறையையும் கழற்றும் முறையையும் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். என் லென்ஸ் வல்லுநரிடம் காட்டி இரண்டு இடத்தில் திருத்தியும் வாங்கிவிட்டேன். போன சனிக்கிழமை அந்தத் தாயும் மகளும் ரவிக்கையை வாங்க வந்தார்கள். சென்னைக்கு நம்பர் அனுப்பவில்லையாம். வரும் வியாழக்கிழமை படம் எடுக்க நாள் வாங்கியிருக்கிறார்களாம். அம்மா என் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். மகள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, கைக்குழி கொஞ்சம் பிடிக்கிறது என்றாள். ஒரு தையலைப் பிரித்து, அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்